மாம்பழக்குருவியும் நீர்நாய்த் தடமும்

ஜனவரி 5

பின்வளவுத் தீன்கம்பத்துக்கு இன்று வந்தவை: ஊர்க்குருவிகள் ஒரு கூட்டம், கருந்தொப்பிச் சிட்டு மூன்று, சாம்பல் புறா ஒரு சோடி, சிவப்புக் கார்டினல் ஆண் ஒன்று. கார்டினலின் பெண் வரவில்லை.

கருந்தொப்பிச் சிட்டு ஒரு விதையை எடுத்ததும் பறந்துபோய் மறைவில் வைத்து உடைத்துத் தின்கிறது. ஊர்க்குருவி தட்டிலேயே குந்திக்கொண்டு தின்கிறது. நான் படிப்பித்த வகுப்பிலும் இப்படித்தான். சில பிள்ளைகள் ஒரு கேள்வியை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போய்ச் செய்துவிட்டு அடுத்த கேள்விக்கு வருவார்கள். சிலர் ஆசிரியரின் மேசையை விட்டு அசையமாட்டார்கள். சோதனையில் இரண்டு வகையும் சித்தியடையும்.

பவளம் காலையில் கம்பத்துக்குத் தீன் போட்டாள். பிறகு குப்பைத் தொட்டியைத் தெருவோரம் இழுத்துக்கொண்டு போய் வைத்தாள். நான் பின்பக்கக் கண்ணாடிக் கதவடியில் என் நாற்காலியில் இருந்து பறவைகளைக் குறித்தேன். கணவனும் மனைவியும் வேலையைப் பகிர்ந்து செய்வது நல்லது.

வெளியே போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஜனவரி 6

மொரீனுக்குக் கிழமைப் பட்டியலை அனுப்பினேன். மொரீன் இந்தப் பகுதிப் பறவை பார்ப்போர் குழுவின் செயலாளர். தபாலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். நாங்கள் நேரில் சந்தித்ததில்லை. கார்டினலின் பெண் வரவில்லை என்று எழுதியதற்கு, "குளிரில் பெண்கள் மினக்கெட்டு வெளியே வருவதில்லை, புத்திசாலிகள்" என்று பதில் போட்டிருந்தார். பவளத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அப்போதுதான் படியில் உப்புப் போட்டுவிட்டு உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

வெளியே போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஜனவரி 9

மகள் நிரோஜா ஒட்டாவாவிலிருந்து தொலைபேசியில் பேசினாள்.

"அப்பா, இண்டைக்கு வெளிய இறங்கினனீங்களே?"

"மைனஸ் பத்து, பிள்ளை."

"நான் குளிரைக் கேக்கேல்லை."

பதிவுக்காக எழுதி வைக்கிறேன். போன வருடம் பெப்ரவரியில் ஒரு சம்பவம் நடந்தது. குப்பைத் தொட்டியை வைக்கப் போன நான் முன்படி ஐஸில் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு உடைந்தது. ஆணி வைத்துப் பொருத்தினார்கள். இலையுதிர் காலத்தில் டொக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாக ஒட்டிவிட்டது, இனித் தாராளமாக நடக்கலாம் என்றார். நானும் நடக்கிறேன். சமையலறையிலிருந்து முன்கதவுக்கு, முன்கதவிலிருந்து பின்கதவுக்கு. டொக்டர் நடக்கச் சொன்னார்; எங்கே என்று சொல்லவில்லை.

"கார்த்திகையிலை முதல் பனி விழுந்ததிலையிருந்து வாசலைத் தாண்டேல்லை நீங்கள்," என்றாள் நிரோஜா. "அம்மா தனிய எல்லாத்தையும் இழுத்துப் பறிச்சுக்கொண்டு நிக்கிறா. அப்ப உந்த வீடு ஏன்? வித்துப்போட்டு எங்கட கட்டடத்திலை ஒரு அபார்ட்மெண்ட் எடுங்கோ. பதினாலாம் மாடி. படியுமில்லை, பனியுமில்லை. இந்த மாரி முடியட்டும். அப்பவும் இப்பிடித்தான் எண்டால் நான் குணம் அங்கிளோடை கதைக்கப் போறன்."

குணம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். வீடு விற்றுக் கொடுப்பது அவருடைய தொழில்.

பதினாலாம் மாடியிலிருந்து பார்த்தால் பறவைகளின் முதுகு மட்டும்தான் தெரியும் என்று நிரோஜாவுக்கு விளக்கினேன். இனம் காண்பதற்குத் தொண்டையும் வயிறும் வேண்டும். உதாரணமாக, மேலேயிருந்து பார்த்தால் வழுக்கை விழுந்த எல்லா ஆண்களும் ஒருவரே.

போனை அம்மாவிடம் கொடுங்கள் என்றாள்.

ஜனவரி 11

பவளத்தின் அக்கா சொர்ணத்துக்கு மொன்றியலில் முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. தனியே இருக்கிறவர். போய் ஒரு கிழமை நிற்க வேண்டும் என்று பவளம் மாரி தொடங்கியதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"போட்டு வாருமன்," என்றேன்.

"போனால் குப்பை ஆர் வைக்கிறது?"

"குப்பை இருந்த இடத்திலை இருக்கும். அதுக்குக் கால் இல்லை."

"குருவிக்குத் தீன் ஆர் போடுறது?"

நான் கொப்பியை எடுத்து இன்றைய திகதியைப் போட்டேன்.

"எனக்காக இறங்க வேண்டாம். உங்கட குருவியளுக்காகவேனும் இறங்க மாட்டியளோ எண்டுதான் கேக்கிறன்."

"கம்பத்தை முட்ட நிரப்பிப்போட்டுப் போம். காணும்."

"முப்பத்தைஞ்சு வரியம் பள்ளிக்கூடத்திலை தவளை வெட்டிக் காட்டின மனுசன். ஐஸுக்குப் பயம்."

"பயம் ஒண்டுமில்லை. வெளிய போக வேண்டிய தேவை..."

"இல்லை. ஓம், தெரியும். எழுதுங்கோ உதை உங்கட கொப்பியிலை."

எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 15

தைப்பொங்கல். பவளம் அடுப்பில் பொங்கி, பானையைத் துணியால் பிடித்துப் பின்பக்கப் பலகைத்தளத்துக்குக் கொண்டுபோய்ச் சூரியனுக்குப் படைத்தாள். சூரியன் ஒரு மாதிரியாகத் தெரிந்தது. நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று கும்பிட்டேன். கண்ணாடி ஒளியைத் தடுப்பதில்லை. வணக்கமும் அதே வழியால் போகும்.

கற்பூரத்தை அவள் வெளியே கொளுத்தினாள், காற்றில் அணைந்துவிட்டது. மறுபடி கொளுத்தினாள். என்னைப் பார்த்தாள். வெளியே வந்து கையால் மறைத்துப் பிடிக்க ஒருவர் இருந்தால் அணைந்திருக்காது என்பது அந்தப் பார்வையின் பொருளாக இருக்கலாம். வேறு பொருளும் இருக்கலாம்.

ஊர்க்குருவிகள் பொங்கலுக்கு வந்தன. முந்திரிகை வற்றலை எடுத்துவிட்டுச் சோற்றை விட்டன.

ஜனவரி 16

பவளம் கோயிலால் வரும்போது யோகட் டப்பா ஒன்றில் பஞ்சாமிர்தம் கொண்டுவந்தாள். யாரோ முருகனுக்கு அபிஷேகம் செய்வித்தார்களாம். எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் யோகட் டப்பா ஏழெட்டு உண்டு. யோகட் இருப்பது எதிலும் இல்லை. இதை உறைபெட்டியில் வைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை மொன்றியலுக்கு பஸ் எடுத்திட்டன்," என்றாள், உறைபெட்டிக்குள் தலையை விட்டபடி.

"நல்லது," என்றேன்.

ஜனவரி 18

பவளம் போய்விட்டாள். புறப்பட முதல் தீன்கம்பத்தை நிரப்பினாள். கறிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டினாள். என்னுடைய பனிச் சப்பாத்தை, நிரோஜா போன கோடையில் வாங்கி அனுப்பியதை, பெட்டியோடு எடுத்துவந்து பின்கதவடியில் வைத்தாள். 

பெட்டியை என் நாற்காலிப் பக்கம் நகர்த்தி வைத்தேன். தேநீர்க் கோப்பை வைக்க உயரம் சரியாக இருக்கிறது.

ஜனவரி 20

நேற்றுப் பின்னேரம் தொடங்கிய பனிப்புயல் இன்னும் நிற்கவில்லை. தீன்கம்பம் தெரியவில்லை. பக்கத்து வீடும் தெரியவில்லை. மொன்றியலிலிருந்து வரும் பஸ்களை நிறுத்திவிட்டார்கள் என்று பவளம் தொலைபேசியில் சொன்னாள்.

"தனிய இருக்கப் பயமில்லையோ?"

"என்ன பயம்?"

"வெளிய இறங்கிப்போடாதேங்கோ," என்றாள். பிறகு தானே சிரித்தாள்.

ஜனவரி 21

புயல் விட்டது. பின்வளவு முழுக்க இடுப்பளவு வெள்ளை. வேலியின் தலை மட்டும் தெரிகிறது. வானம் கழுவித் துடைத்த சட்டி மாதிரி.

காலையில் தேநீரோடு இருந்தபோது கம்பத்தில் ஒரு மஞ்சள்.

முதலில் யாரோ எறிந்த தோடம்பழத் தோல் என்று நினைத்தேன். தோல் அசைந்தது. மைனாவிலும் சற்றுச் சிறியது. முகமும் நெஞ்சும் மஞ்சள். தொண்டையில் கறுப்புக் கோடு, கண்ணுக்குக் குறுக்கே இன்னொன்று. சிறகில் வெள்ளைப் பட்டை. நேரான, கூரான சொண்டு. விதை தின்கிற சொண்டு அல்ல. பழத்தைக் குத்துகிற சொண்டு.

என் வாயில் முதலில் வந்த பெயர் மாம்பழக்குருவி. விலங்கியல் ஆசிரியர் ஒருவர் அப்படிச் சொல்லக்கூடாது. ஊரில் மாமரத்தில் நிற்பது வேறு குடும்பம், இந்த நாட்டில் இருப்பது வேறு குடும்பம், பார்வைக்குத்தான் ஒன்றுபோல. உதாரணமாக, எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு செல்வநாயகம் இருந்தார்கள், இருவருக்கும் மீசை இருந்தது, உறவு கிடையாது. ஆனாலும் அந்தப் பெயரைத்தான் எழுதப்போகிறேன். சின்னப் பெயர்.

மொரீனுக்கு எழுதினேன். அரை மணியில் பதில்: "மதிப்புக்குரிய ஆசிரியரே, விதை தின்னும் மஞ்சள் சிட்டு, கோல்ட்பிஞ்ச் ஆக இருக்கலாமே?" சொண்டைப் பற்றி எழுதினேன். தொண்டையைப் பற்றி எழுதினேன். கைத்தொலைபேசியால் கண்ணாடிக்குள்ளால் படம் எடுத்து அனுப்பினேன். அதில் குருவியும் என் மூக்கின் பிரதிபலிப்பும் இருந்தன. இந்தமுறை மொரீன் தொலைபேசியிலேயே வந்துவிட்டார். 

அது புல்லக்ஸ் ஓரியோல் என்றார். மேற்குக் கரைப் பக்கத்துப் பறவை. இந்த மாதத்தில் மெக்சிக்கோவில் இருந்திருக்க வேண்டும். வழி பிசகி வந்திருக்கிறது. குழுவில் யாரும் இந்தப் பக்கம் ஒருபோதும் கண்டதில்லை. "எதைச் செய்தாவது அதை உயிரோடு வைத்திருங்கள்," என்றார். "அது விதை தின்னாது. பழம் வையுங்கள், ஜாம் வையுங்கள். உங்கள் தெருவில் பனி வழிக்கவில்லையாம். நாங்கள் சனிக்கிழமைதான் வர முடியும்."

வீட்டில் இருந்தது மாம்பழக் கூழ் டின் ஒன்று. பக்கத்து வீட்டுக் குணத்தைக் கூப்பிட்டேன். மனுசன் வேலி தாண்டி, பனிக்குள் நீந்தி வந்து, கிண்ணத்தைக் கம்பத்தில் வைத்துவிட்டுப் போனார்.

"மாம்பழக்குருவிக்கு மாம்பழம். விசரே, மாஸ்டர், உங்களுக்கு?"

குருவி இறங்கி வந்து குடித்தது.

வெளியே போக வேண்டிய தேவை இருக்கவில்லை. குணம் போனார்.

ஜனவரி 22

குளிர் கூடிவிட்டது. மாம்பழக் கூழ் கல்லாகிவிட்டது. குருவி அதில் குத்துகிறது, சொண்டு வழுக்குகிறது. மறுபடி குத்துகிறது. உடம்பைப் பந்து மாதிரி ஊதிக்கொண்டு கம்பத்தோடு ஒட்டி நிற்கிறது.

குணத்துக்கு எடுத்தேன். மனைவி பேசினார். நேற்று வாசலில் பனி வழித்ததில் குணத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம்; கட்டிலிலிருந்து திரும்பக்கூட முடியவில்லையாம். பின்னால் குணத்தின் குரல் கேட்டது: "மாஸ்டருக்குச் சொல்லு, நான் செத்தால் வீட்டை வேறை ஏஜென்றுக்குக் குடுக்க வேண்டாமெண்டு."

கதவை ஒரு சாண் திறந்து, தோடம்பழப் பாதியைத் தட்டில் வைத்து, துடைப்பத் தடியால் தள்ளிவிட்டேன். தட்டு பலகைத்தளத்தின் நடுவில் பனியில் புதைந்தது. அணில் வந்து தோடம்பழத்தை எடுத்துப் போனது. நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

இரண்டாவது தட்டு. அதே அணில். பின்னேரம் பவளம் பேசியபோது இதைச் சொன்னேன்.

குருவி கம்பத்தை விட்டு வேறெங்கும் இறங்கவில்லை.

ஜனவரி 23, காலை

இரவு அது எங்கே நின்றதோ தெரியாது. விடிந்ததும் கம்பத்துக்கு வந்துவிட்டது. கல்லாகிப்போன மாம்பழத்தின் மேல் நின்று ஒரு காலை மாற்றி ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொள்கிறது. இப்போது குத்துவதில்லை.

தின்ன என்ன இருக்கிறது என்று உறைபெட்டியைத் திறந்தேன். எனக்காகத்தான். யோகட் டப்பாவைத் திறந்து கரண்டியைப் போட்டேன். கரண்டி இறங்கியது.

ஒரு கிழமை உறைபெட்டியில் கிடந்தும் பஞ்சாமிர்தம் கல்லாகவில்லை. வாழைப்பழம், தேன், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு. சீனி கூடிய கரைசல் எளிதில் உறையாது. இது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். நான்தான் இரண்டு நாளாக யோசிக்கவில்லை.

குணம் கட்டிலில். தெரு மூடியிருக்கிறது. மொரீன் நாளைக்கு.

ஜனவரி 23, பின்னேரம்

வெளியே போக வேண்டிய தேவை இருந்தது.

செய்முறைப் பாடக் குறிப்புப்போல எழுதுகிறேன். அப்படி எழுதினால் மனிதன் மிகைப்படுத்த மாட்டான்.

சப்பாத்துப் பெட்டியிலிருந்து தேநீர்க் கோப்பையை எடுத்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டேன். அளவாக இருந்தது. படிக்குப் போடும் உப்பு கராஜில் இருக்கிறது. கராஜுக்குப் போக முன்படியால் இறங்க வேண்டும். ஆகவே சமையலறையிலிருந்து பவளத்தின் கல்லுப்புப் பரணியை எடுத்தேன். இந்தக் குளிருக்கு உப்பு ஐஸை உருக்காது என்று இரசாயனவியல் மாஸ்டர் ஒருவர் சொல்லக்கூடும். எனக்கு உருகத் தேவையில்லை. கரடுமுரடாக இருந்தால் போதும்.

கதவைத் திறந்தேன். ஒரு பிடி உப்பை எறிந்தேன். கதவைச் சாத்தினேன். சும்மா கொஞ்ச நேரம் நாற்காலியில் இருந்தேன். குருவி காலை மாற்றியது. மறுபடி கதவைத் திறந்தேன்.

நின்று இறங்குவது என்பது நடக்கவில்லை. கால் அதற்கு உடன்படவில்லை. எலும்பில் குறை இல்லை, படத்தில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வாசல் விளிம்புக்கு அப்பால் அது போகவில்லை. ஆகவே இருந்துகொண்டு போனேன். வாசலில் குந்தி, பஞ்சாமிர்தக் கிண்ணத்தை மடியில் வைத்து, இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றி, பின்பக்கத்தால் நகர்ந்தேன். பலகைத்தளம் முடிந்து படி வந்தது. படியை எண்ணி இறங்க யோசித்திருந்தேன். படிகள் பனியில் மறைந்து ஒரே சரிவாகிக் கிடந்தன. எண்ண இடமில்லாமல் கீழே போய்ச் சேர்ந்துவிட்டேன். கிண்ணம் மடியிலேயே இருந்தது.

ஒன்றும் உடையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். உண்மையில் ஒன்றும் உடையவில்லை.

இரண்டு நாள் குளிரில் பனி மேலே இறுகியிருந்தது; அங்கிருந்து கம்பம் வரை அப்படியே தள்ளிக்கொண்டு போனேன். கம்பத்தைப் பிடித்து எழும்பினேன். மாம்பழக் கல்லைத் தட்டிவிட்டுக் கிண்ணத்தை வைத்தேன். குருவி வேலிக்குப் போய்விட்டது. நான் உடனே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை, கம்பத்தை விடுவதற்குக் கை கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த நேரத்தில் அது வந்துவிட்டது. என் முகத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம் இருக்கலாம். பேரீச்சைத் துண்டை எடுத்தது. தலையைப் பின்னால் எறிந்து விழுங்கியது. சொண்டைக் கம்பத்தில் இருபக்கமும் துடைத்தது. மறுபடி குனிந்தது. நான் கண்ணைச் சிமிட்டாமல் நின்றேன், மூக்கு வடிந்தது, துடைக்கவில்லை.

கம்பத்தடியிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கதவுக்குள் என் நாற்காலி மிகவும் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் துடைப்பத் தடியும் தெரிகிறது. இதைப் பவளம் நாள்தோறும் தீன் போடும்போது பார்த்திருப்பாள்.

வந்த வழியே வந்தேன். ஏறுவது இறங்குவதைவிடக் கஷ்டம். அதைப் பற்றி எழுதவில்லை.

பவளம் பின்னேரம் பேசினாள். என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். குருவிக்குத் தீன் வைத்தேன் என்றேன்.

"துடைப்பத்தாலேயோ?"

"ஒரு மாதிரி வைச்சன்."

ஜனவரி 24

இரவு கொஞ்சம் தூவியிருந்தது. தெருவை வழித்துவிட்டார்கள். மொரீன் தம் ஆட்களோடு வந்துவிட்டார். உயரமான மனுசி, தலையில் கம்பளித் தொப்பி. வாசலில் ஒவ்வொருவராகச் சப்பாத்தைக் கழற்றினார்கள். வாசல் எங்கள் ஊர்க் கலியாண வீடுமாதிரி ஆகிவிட்டது. பின்கண்ணாடிக் கதவடியில் மூன்று கால் தாங்கிகள், பீரங்கி அளவு கமராக்கள்.  குருவி வந்து கிண்ணத்தில் குனிந்தபோது மொரீன் என் கையைப் பிடித்து அழுத்தினார். தபால் முத்திரை குத்திய கை. பிடி பலம்.

"அது என்ன தின்கிறது?" என்று கேட்டார்.

விளக்கினேன். எங்கள் கடவுளுக்குப் படைத்த பழக்கலவை என்றேன். கடவுள் கோபிக்க மாட்டாரா என்றார் ஒருவர். அவரிடம் ஏற்கெனவே மயில் ஒன்றும் சேவல் ஒன்றும் இருக்கின்றன, பறவைகள் அவருக்குப் புதிதல்ல என்றேன்.

இஞ்சித் தேநீரும் பயித்தம் பணியாரமும் கொடுத்தேன். பணியாரம் முடிந்துவிட்டது.

வாசலில் கார்கள் நிற்பதைக் கண்டு குணம் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஓடி என்பது அவருடைய முயற்சி.

"மாஸ்டர்! வீட்டை ஆக்களுக்குக் காட்டுறியள், எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை! ஆர் உங்கட ஏஜென்ற்?"

"அந்தா நிக்கிறார்," என்று கம்பத்தைக் காட்டினேன்.

குணம் குருவியைப் பார்த்தார். கமராக்களைப் பார்த்தார். "இவ்வளவு சனம் என்ரை எந்த வீட்டுக்கும் வரேல்லை," என்றார்.

அப்போதுதான் அது நடந்தது. குழுவில் லாம் என்று ஒருவர். மிருகங்களின் தடம் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்றார்கள். அவர் குருவியை விட்டுவிட்டுக் கீழே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகைத்தளத்திலிருந்து கம்பம் வரை அகலமான ஒரு பள்ளம். இருபக்கமும் இடைவெளி விட்டுப் பாதம் போன்ற தடங்கள். மேலே புதுப்பனி தூவியதால் விளிம்புகள் மழுங்கியிருந்தன.

"நீர்நாய்," என்றார் லாம், மூச்சுக்குள். "வயிற்றால் சறுக்கிப் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் பாதத்தால் உந்தியிருக்கிறது. பக்கத்து ஓடையிலிருந்து வந்திருக்க வேண்டும். மிகப் பெரியது."

எல்லாரும் கண்ணாடியடிக்கு வந்தார்கள். மொரீன் என்னைப் பார்த்தார். "ஆசிரியரே, நீங்கள் கண்டீர்களா?"

நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

லாம் படம் எடுத்தார். பள்ளத்தின் அகலத்தை அளந்தார். நாளைக்குக் கமரா ஒன்று கட்டுவதற்கு அனுமதி கேட்டார். மரியாதையான மனிதர். மறுக்க முடியவில்லை.

ஜனவரி 25

இன்று காலை யாரும் வருவதற்கு முதல் மறுபடி கிண்ணம் வைத்தேன். அதே முறையால். பள்ளம் இன்னும் தெளிவாகிவிட்டது. லாம் வந்து பார்த்து, "திரும்ப வந்திருக்கிறது!" என்றார். அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது.

ஜனவரி 26

பவளம் வந்துவிட்டாள். சொர்ணத்துக்குச் சுகம். வந்ததும் பையை வைத்துவிட்டுப் பின்கதவடிக்குப் போனாள். குருவியைப் பார்த்தாள். "எவ்வளவு வடிவு," என்றாள். பிறகு பனியைப் பார்த்தாள். பனியை நிறைய நேரம் பார்த்தாள்.

"உது என்ன கோடு?"

"நீர்நாயாம். லாம் எண்டு ஒருத்தர் சொன்னவர். தடம் பாக்கிறதிலை கெட்டிக்காரன்."

"அப்பிடியே."

சமையலறைக்குப் போனாள். அலுமாரி திறக்கிற சத்தம். மூடுகிற சத்தம். திரும்பி வந்து கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ. அந்த நீர்நாய் என்ரை கல்லுப்புப் பரணியையும் கொண்டு போட்டுதோ?"

நான் கார்டினலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் வந்திருந்தது.

"பஞ்சாமிர்தமும் இல்லை," என்றாள். "கோயில் பிரசாதம் தின்னுற நீர்நாய். சைவமாக்கும்."

பிறகு அவளால் அடக்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் என் நாற்காலியில் இருந்து சிரித்தாள். சிரித்து முடிந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைக்க வேண்டியதிலும் பார்க்கக் கொஞ்சம் கூட நேரம் துடைத்தாள்.

"நொந்ததோ?" என்றாள்.

"இல்லை."

"விழுந்தனீங்களோ?"

"முதலே இருந்துகொண்டு போனால் விழ ஏலாது. அதுதான் அந்த முறையிலை உள்ள நன்மை."

நிரோஜாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். ஏற்கெனவே போனைக் கையில் எடுத்திருந்தாள்.

ஜனவரி 28

லாமின் கமரா இன்னும் எங்கள் வேலியில் இருக்கிறது. நீர்நாயைப் பற்றிக் குழுவின் மாதமடலில் எழுதப்போகிறார்களாம். நகரத்தின் இந்தப் பகுதிக்கு அது முதல் பதிவாக இருக்குமாம்.

காலை முழுக்க யோசித்தேன். பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்: காணாததைக் கண்டதாக எழுதக்கூடாது, கண்டதைக் காணாததாக விடவும் கூடாது. உதாரணமாக, தவளையின் இதயத்துக்கு அறைகள் மூன்று. மனிதனுக்கு நான்கு என்பதற்காக அதற்கும் நான்கு போட முடியாது.

மொரீனுக்கு எழுதினேன்:

"பின்வளவுத் தடம் பற்றிய திருத்தம். அது நீர்நாய் அன்று. ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், ஆண், வயது எழுபத்துநான்கு. தீன்கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையில் அமர்ந்த நிலையில் நகர்ந்தது. கார்த்திகைக்குப் பிறகு இந்த இனம் வெளியில் காணப்பட்டது இதுவே முதல் தடவை. லாம் அவர்களிடம் என் வருத்தத்தைத் தெரிவிக்கவும்."

பின்னேரம் பதில் வந்தது. மொரீன் வேறு எதுவும் கேட்கவில்லை.

"பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது. மிக அரிது. மீண்டும் தென்பட்டால் அறிவிக்கவும். லாம் கமராவை எடுக்க மாட்டாராம்."

ஜனவரி 30

பஞ்சாமிர்தம் முடிந்துவிட்டது. பவளம் வாழைப்பழமும் தேனும் போட்டுப் பிசைந்து வைத்தாள். குருவி தின்றது, ஆனால் முன்புபோல் இல்லை. அது கோயிலிலே செய்கிற மாதிரி வராது என்றாள் பவளம். குருவிக்கு அந்த வித்தியாசம் தெரியும் என்று நான் நம்பவில்லை. எனினும் வாதிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம். கோயிலில் நிறையப் பஞ்சாமிர்தம் இருக்கும். ஆனால் ஒருவருக்கு ஒரு டப்பாதானாம்.

"ரெண்டு பேர் போனால் ரெண்டு டப்பா," என்றாள் பவளம், கறிக்கு உப்புப் போட்டபடி. புது உப்பு.

பெப்ரவரி 1

மொரீனுக்கு இன்று அனுப்பிய குறிப்பு:

"மீண்டும் தென்பட்டது. காலை, வீட்டின் முன்படியில். பெண் ஒன்றுடன் சோடியாக, அதன் கையைப் பிடித்தபடி. ஒவ்வொரு படியிலும் நெடுநேரம் தரித்தது. இம்முறை நின்ற நிலையில்."